ஒத்திகையில் சொன்ன பெயர்

முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கஞ்சி’ என்பார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளனுக்கு இதைவிடப் பொருத்தமாக யாராலும் பட்டப்பெயர் வைக்க முடியாது. காலர் விறைப்பு, நடை விறைப்பு, சிரிக்கச் சொன்னால் சிரிப்பும் விறைப்பு. ஒரு காலத்தில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் “என்னப்பா?” என்று திரும்பிப் பார்க்கிறேன். என்னை இந்த அளவுக்காவது இளக வைத்த இரண்டு பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் செய்த அயோக்கியத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் நன்றியை மட்டும் சொன்னால், கறையை மடித்து உள்பக்கம் வைத்த விரிப்பு மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கூடம் ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருக்கிறது. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு கதவு வழியாக வரும். பிரிக்கும் அறை, துவைக்கும் இயந்திரங்கள், உலர்த்தி, ரோலர், மடிக்கும் மேசை என்று நகர்ந்து, மறுபக்கக் கதவு வழியாக வெள்ளையாக வெளியே போகும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் விரிப்புகள். அத்தனைக்கும் நீராவி கொடுப்பது பாய்லர். அதற்குத் தனி அறை உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவரைப் பாய்லர் அண்ணன் என்போம். அரை மணிக்கு ஒருமுறை அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் வேலை.

ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிரிவும் ஏதாவது செய்யும். நர்சுகள் ஆடுவார்கள், அலுவலகத்தார் பாடுவார்கள். எங்கள் பங்கு, மேடைத் திரையைத் துவைத்துக் கொடுப்பது. இந்த வருடம் அதை மாற்றிக் காட்டுகிறேன் என்று நான் ஒரு நாடகம் எழுதினேன். ஒரு கிராமத்தில் மாடுகள் சாகின்றன. மூலிகை விற்கும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று இழுத்து வருகிறார்கள். நீதிபதி அவளிடம், ‘உன் கூட்டாளிகள் யார்? பெயரைச் சொல்’ என்று கேட்கிறார். பெயர் சொன்னால் விடுதலை, சொல்லாவிட்டால் தீ. எழுதியது நான், சொல்லிக்கொடுப்பது நான், நீதிபதியும் நானேதான். அந்த வேஷத்துக்கு வேறு யார் பொருந்துவார்கள் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூலிகைக்காரியாக நடிக்க ரோலர் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். ரோலரில் ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் செலுத்துகிறவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்தான், ஆனாலும் கூடத்துக்கே அக்கா. ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். மாதக் கடைசியில் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வேலை போய்விடும்.

பழைய ஆபரேஷன் அங்கிகளுக்குக் கறுப்புச் சாயம் போட்டு எனக்கு நீதிபதி அங்கி தைத்தார்கள். தரை துடைக்கும் கயிற்றுத் துடைப்பத்தின் நூலைப் பிரித்துத் தலைக்கு வெள்ளை முடி. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக நின்றபோது பாய்லர் அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். நின்று பார்த்தார். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“மன்னிச்சிடுங்க சார். துடைப்பத்தைத் தலைகீழா நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் என் விறைப்புச் சிரிப்பைச் சிரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை அவருடைய சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

ஒத்திகை சப்பென்று இருந்தது. துணிக் கணக்கை ஒப்பிப்பதுபோல வசனத்தை ஒப்பித்தார்கள். அதனால் ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். அதற்குப் ‘பெயர் நேரம்’ என்று பெயரும் வைத்தேன். வேலை முடிந்து ஐந்து மணிக்கு, உயரமான துணிப்பெட்டி ஒன்றின் மேல் நான் அங்கியோடு உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொருவராக எதிரில் வந்து நிற்க வேண்டும்.

“நம்ம கூடத்துல யாராவது செஞ்ச தப்பைச் சொல்லணும். பேரோட சொல்லணும். அப்பதான் காட்டிக்குடுக்கறதுன்னா என்னன்னு உங்க உடம்புக்குத் தெரியும்” என்றேன். “கவலைப்படாதீங்க. இந்த அறையை விட்டு ஒரு வார்த்தை வெளிய போகாது.”

முதல் நாள் கிசுகிசுப்பும் சிரிப்புமாகப் போனது. மூன்றாம் நாள் குரல்கள் நடுங்கத் தொடங்கின. பெரிய தப்பாகச் சொன்னவர் முதலில் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு விதியும் போட்டேன். அதற்குப் பிறகு வரிசையில் முந்திக்கொண்டு வந்தார்கள். நடிப்பு பிரமாதமாக வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வெளியே போகாது என்று நான் சத்தியம் செய்த விஷயங்கள் என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் ஏறி, மறுநாள் என்னோடு வேலைக்கு வந்தன. டீக்குப் போய் நேரம் கடத்துகிறார்கள் என்று யாரோ சொன்ன இருவருக்கு இடைவேளையைக் குறைத்தேன். மீந்த சோப்புத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனதாகச் சொல்லப்பட்ட ஒரு அம்மாவை மடிக்கும் மேசையிலிருந்து பிரிக்கும் அறைக்கு மாற்றினேன். ரத்தமும் சீழும் பட்ட துணியைக் கையால் பிரிக்கிற அறை அது.

எல்லாம் ஒழுங்குக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பிடித்திருந்தது. நான் நடந்து வந்தால் பேச்சு நின்றது. தூரத்திலேயே வணக்கம் வந்தது. பதினெட்டு வருட விறைப்பு வாங்கித் தராத மரியாதையை இரண்டு வாரப் பயம் வாங்கித் தந்தது.

வீட்டிலும் அது தொற்றியது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “பாலை மூடாம வச்சது யாரு? பேரைச் சொல்லு” என்று மகளைக் கேட்டேன். குழந்தை கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“கோர்ட்டு எப்பங்க கலையும்?” என்றாள் என் மனைவி. “பாத்திரம் கழுவணும்.”

ரோலர் அக்கா மட்டும் இரண்டு வாரமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.” அவள்தான் கதாநாயகி. அவளே இப்படி மரம் மாதிரி நின்றால் நாடகம் என்னாவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை என் பொறுமை போய்விட்டது.

“இன்னிக்கு இவங்க ஒரு பேரைச் சொல்ற வரைக்கும் யாரும் கிளம்ப வேண்டாம்” என்றேன்.

அவளுடைய பஸ் ஐந்தே முக்காலுக்கு. குழந்தைகள் காப்பகத்தை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள்; அவளுடைய மூன்று வயது மகள் அங்கே இருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கூடத்தில் உலர்த்திகள் ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மணி ஐந்தரை ஆனது. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்: “சொல்லித் தொலைங்கக்கா, எங்களுக்கும் வீடு இருக்கு.”

அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது.

“பாய்லர் அண்ணன் சார். போன வாரம் மத்தியானம் பார்த்தேன். வால்வுக்குப் பக்கத்துல சாக்கை விரிச்சுத் தூங்கிக்கிட்டிருந்தாரு. முள்ளு சிவப்புக் கோட்டுல நின்னுது. எழுப்பக் கை வரல சார், பயந்து ஓடி வந்துட்டேன். இத்தனை பேரு பக்கத்துல வேலை செய்யறோமேன்னு ராத்திரி முழுக்க அழுதேன்.”

கூடமே ஆடிப்போய்விட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடிப்பைப் பார்த்து வந்த சிலிர்ப்பு என்று சொல்லிக்கொண்டேன். இல்லை, கேட்க ஆசைப்பட்ட பெயரைக் கேட்டுவிட்ட சந்தோஷம் அது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் நேரே போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு அரை மணிகூட விடுபடவில்லை. எல்லாம் ஒரே அளவு எழுத்து, ஒரே மாதிரிக் கையெழுத்து. நியாயமான மனிதனுக்கு அது அவர் தூங்கவில்லை என்பதற்குச் சாட்சி. அங்கியைக்கூடக் கழற்றாமல் நின்ற எனக்கு, இவ்வளவு ஒழுங்காக இருப்பதே சந்தேகமாகப் பட்டது. தூங்கி எழுந்து மொத்தமாக எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே, சொன்னது யார் என்று குறிப்பிடாமல், அறிக்கை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். பாய்லரை எரியவிட்டுத் தூங்குவது என்றால் பேச்சே இல்லை, வேலை நீக்கம்தான். மறுநாள் காலை அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

சாவியைக் கொடுக்க அவர் என் அறைக்கு வந்தார். யார் சொன்னது என்று கேட்பார், கத்துவார் என்று எதிர்பார்த்துப் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

“வர்ற புது ஆளுக்கு ஒண்ணு சொல்லிடுங்க சார்” என்றார். “ரெண்டாவது வால்வு கொஞ்சம் இறுக்கம். பலமாத் திருப்பினா மரை போயிடும். மெதுவாத் திருப்பணும்.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ரோலர் அக்கா கதவைத் தட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“சார், அண்ணனை எதுக்கு நிறுத்தியிருக்காங்கன்னு இப்பதான் சொன்னாங்க. நான் சொன்னதுக்கா?”

“ஆமா.”

“சார், அது நடிப்பு!” தலையில் கை வைத்துக்கொண்டாள். “நீங்கதானே நிஜம் மாதிரி சொல்லணும்னு சொன்னீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு, புள்ளை காத்துக்கிட்டிருப்பா. யாரு பேரைச் சொன்னா யாருமே நம்ப மாட்டாங்கன்னு யோசிச்சேன். அண்ணன் தூங்கினாருன்னா சின்னக் கொழந்தைகூடச் சிரிக்கும். நீங்களும் சிரிச்சிட்டு ‘சரி போ’ன்னு விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்.”

இப்போது யோசித்தால் எவ்வளவு நல்ல எண்ணம் என்று தோன்றுகிறது. யாருக்கும் கெடுதல் வராத பெயராகத் தேடிப் பிடித்திருக்கிறாள். ஆனால் அன்று என் வாயில் வந்தது வேறு.

“அன்னிக்கு அழுதது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? யாராவது மிரட்டினாங்களா?”

அவள் இரண்டடி பின்னால் போய், செவ்வாய்க்கிழமை நின்ற மாதிரியே தலையைக் குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

“சூப்பர்வைசர் சார்தான்” என்று தொடங்கினாள். அதே நடுக்கம், அதே விம்மல். “போன வாரம் மத்தியானம் பார்த்தேன். வால்வுக்குப் பக்கத்துல சாக்கை விரிச்சுத் தூங்கிக்கிட்டிருந்தாரு. முள்ளு சிவப்புக் கோட்டுல நின்னுது. எழுப்பக் கை வரல, பயந்து ஓடி வந்துட்டேன்…”

நான் ஒருநாளும் பாய்லர் அறையில் உட்கார்ந்ததுகூட இல்லை. இருந்தும் ஒரு கணம், போன வாரம் மத்தியானம் நான் எங்கே இருந்தேன், எப்போது கண்ணசந்தேன் என்று யோசித்தேன். என் மீது எனக்கே சந்தேகம் வந்தது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “போதுமா சார்? நாளைக்கு விசாரணையில நானே வந்து உண்மையைச் சொல்லிடறேன்.”

“உன் வேலை போயிடும்மா.”

“தெரியும். அதுக்காக அவரு வேலையைப் பறிக்க முடியுமா?” என்றாள். “ரோலர் சூடாயிருக்கும், நான் போகணும்.”

அவள் போன பிறகு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு வந்து சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலைக்கு ஆபத்தே இல்லை. குற்றம் சாட்ட வைத்தவனிடமே வந்து, அவன் முகத்துக்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்துவிட்டுப் போயிருக்கிறாள். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அதோடு சேர்ந்து, என்னைத் தடுத்து நிறுத்திவிட்டாளே என்கிற ஒரு பெரிய நிம்மதியும் இருந்தது. அன்று மாலை எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “போய்ச் சொல்லிடுங்க. பதவி போனாப் போகட்டும். நீங்க பழையபடி வீட்டுக்கு வந்து சேருங்க, அது போதும்” என்றாள்.

விசாரணைக்கு நிர்வாக அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே பாய்லர் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில். நான் நின்றுகொண்டே பேசினேன். அறிக்கை பொய், அவர் தூங்கவில்லை, ஒத்திகையில் ஒருவர் நடிப்பாகச் சொன்னதை நான் உண்மை என்று எழுதிவிட்டேன் என்றேன்.

“விசாரிக்காம ஏன் நம்பினீங்க?”

“இவர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு மேடம். அந்தக் கோபம் எனக்கு.”

சொல்லி முடித்ததும் காது சூடானது. அதிகாரி பேனாவை எடுத்தார். “சரி. பொய் சொன்னது யாரு?”

நான் அந்தப் பேனா முனையைப் பார்த்தேன்.

“பாருங்க, உங்க மேல எனக்குப் பகை ஒண்ணும் இல்ல. பேரைச் சொல்லுங்க. அந்த ஆள் ஏமாத்திட்டாங்க, நீங்க நம்பிட்டீங்கன்னு எழுதிக்கறேன். உங்க பதவிக்கு ஒண்ணும் ஆகாது.”

நான் எழுதிய நீதிபதிகூட இவ்வளவு கனிவாகக் கேட்கவில்லை. யோக்கியன் மாதிரி உடனே மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. பெயர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. பதினெட்டு வருடச் சேவை, மேற்பார்வையாளர் என்று எழுதிய கதவு, மகளின் பள்ளி எல்லாம் கண்முன் வந்தன. சுவர்க்கடிகாரம் ஓடியது. இந்த நிலையில் இரண்டு வாரம், தினமும் ஐந்து மணிக்கு, பதினோரு பேரை நான் நிறுத்தியிருக்கிறேன்.

“சொல்ல மாட்டேன் மேடம். நான் கட்டாயப்படுத்தி வாங்கின பொய் அது. என் பேரையே எழுதிக்குங்க.”

“அது எப்படிங்க? சொல்லித்தான் ஆகணும்.”

அப்போது பாய்லர் அண்ணன் தொண்டையைச் செருமினார். “மேடம், எம்மேல இருந்த பழி போச்சில்ல? எனக்கு அது போதும். பேரு வேணாம்.”

“உங்களுக்குக் கோபமே இல்லையா?”

“நிறைய இருக்கு. இவரு மேல இருக்கு. அதை நான் பார்த்துக்கறேன். இன்னொருத்தரை எதுக்கு இழுக்கறீங்க?”

பழி சுமந்தவரே வேண்டாம் என்ற பிறகு அதிகாரிக்குக் கேட்க வழியில்லாமல் போனது. பேனாவை மூடிவிட்டார். பாய்லர் அண்ணனுக்கு நான் பட்ட கடன் சாதாரணமல்ல. என் தண்டனை அங்கேயே முடிவானது. மேற்பார்வையாளர் பதவி போயிற்று, திங்கள் முதல் பிரிக்கும் அறை. நியாயம்தான்.

வெளியே பெஞ்சில் ரோலர் அக்கா உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டால் உள்ளே வரத் தயாராக. அவளிடம், “பேரு கேட்டாங்க. சொல்லல” என்றேன். அவள் எனக்குப் பதில் சொல்லாமல் எழுந்து நேரே பாய்லர் அண்ணனிடம் போனாள்.

“அண்ணே, அது நான்தான்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். “இருபத்திரண்டு வருஷத்துல இந்த ரெண்டு நாள்தாம்மா நான் மத்தியானம் தூங்கியிருக்கேன். நல்ல தூக்கம். உனக்குத்தான் நன்றி சொல்லணும்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் என் பக்கம் திரும்பி, “உங்ககிட்ட அப்புறம் பேசறேன்” என்றார். பேசவும் செய்தார். அரை மணி நேரம், பாய்லர் அறையில் என்னை நிற்க வைத்து, வாய்க்கு வந்தபடி. நடுவில் ஒருமுறை எழுந்துபோய் முள்ளைப் பார்த்து எழுதிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினார். முடிந்ததும் கையைக் குலுக்கினார். பிரிக்கும் அறைக்கு நான் போன முதல் நாள், துணியோடு ஊசி வந்துவிடும், இரண்டு உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கையுறையை எடுத்துக் கொடுத்தது, நான் அங்கே அனுப்பிய அதே சோப்பு அம்மா. புது மேற்பார்வையாளரிடம் நான் சொல்லி, அடுத்த வாரமே அந்த அம்மா மடிக்கும் மேசைக்குத் திரும்பினார். இவர்களெல்லாம் என்ன மனிதர்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. நல்லவேளை, இவர்களுக்கு நடுவில் இருக்கிறேன்.

நாடகம் நின்றுவிடும் என்று நினைத்தேன். கூடத்தார் ரோலர் அக்காவை நடத்தச் சொன்னார்கள். அவள் ஒரே ஒரு விதி போட்டாள்: காட்சி முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஐந்தரைக்கு எல்லோரும் வீட்டுக்கு. ‘பெயர் நேரம்’ கிடையாது. நீதிபதி வேஷத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அங்கியைத் துவைத்து மடித்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நகரப் பார்த்தேன்.

“எங்க சார் போறீங்க? மூலிகைக்காரிக்கு ஆள் வேணும். மூலிகைக்காரர்னு மாத்திட்டேன்.”

“நானா? வேணாம்மா. இவங்க முன்னாடி நிக்க எனக்கு என்ன தகுதி இருக்கு?”

“பேரைச் சொல்லுன்னு கேட்டதும் அந்த ஆளு சும்மா நிக்கணும் சார். எவ்வளவு நேரம் நிக்கணும்னு நடிச்சுப் பார்த்தா எனக்கு வரல. நான் ரெண்டு வாரம் நின்னுட்டு, கடைசியில சொல்லிட்டேன். நீங்க சொல்லல.” அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். “வாங்க. வந்து நின்னு காட்டுங்க.”

மற்ற பத்துப் பேரும் விலகி எனக்கு இடம் விட்டார்கள். அவர்கள் நின்ற அதே இடம். போய் நின்றேன்.